காப்பி பேஸ்ட்டா, ஜெனரிக்ஸா?

கோ (Go) என்ற புரோகிராமிங் மொழியின் 1.0 பதிப்பு 2012 மார்ச்சில் வந்தது. ஒரே கோடைப் பல டைப்புக்கும் (எண், ஸ்ட்ரிங் போன்ற தரவு வகை) பொதுவாக எழுத விடும் ஜெனரிக்ஸ் வந்ததோ 2022 மார்ச்சில், 1.18 பதிப்பில். நடுவில் பத்து வருடம், ஒரே லாஜிக்கை நாலு டைப்புக்கு எழுத வேண்டியிருந்தால் என்ன செய்தோம்?

பெரும்பாலும் காப்பி பேஸ்ட். பட்டியலில் இந்த எண் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன ஃபார் லூப், ஸ்ட்ரிங்குக்கு அதையே இன்னொரு முறை. பார்க்க அசிங்கம்தான். ஆனால் படிப்பவருக்கு எதையும் விளக்க வேண்டாம். ஒரு நகலில் பிழையைத் திருத்திவிட்டு மற்றதை மறக்கும்போதுதான் வலிக்கும்.

எந்த டைப்பையும் ஏற்கும் காலி இன்டர்ஃபேஸ் வைத்து எழுதினால் நகல் எடுக்க வேண்டாம். ஆனால் கம்பைலரின் காவல் போய்விடும். தவறான டைப் வந்தால் புரொடக்‌ஷனில் பேனிக் ஆகி புரோகிராம் விழும்போதுதான் தெரியும். ஒரு டெம்ப்ளேட்டிலிருந்து ஒவ்வொரு டைப்புக்கும் கோடை எழுதித்தரும் கோட் ஜெனரேட்டர் எனக்கு ஒத்துவரவில்லை. டெம்ப்ளேட்டை மாற்றிவிட்டு அதை ஓட்ட மறக்காத டீம் எங்கே இருக்கிறது?

சார்ட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒவ்வொரு ஸ்ட்ரக்ட் (பல புலங்கள் சேர்ந்த டைப்) பட்டியலுக்கும் லென், லெஸ், ஸ்வாப் என்று மூன்று மெத்தட் எழுதினோம். 2017-இல் 1.8 பதிப்பு கொடுத்த சார்ட்.ஸ்லைஸ், ஒப்பிடும் ஃபங்ஷன் ஒன்று போதும் என்றது. ஜெனரிக்ஸ் இல்லாமலே பாதி வலி போனது! மிச்சம் இருந்தது ஒன்று: ஸ்லைஸ் (கோவின் பட்டியல்) அல்லாத எதைக் கொடுத்தாலும் கம்பைல் ஆகும், ஓடும்போது விழும். 2023-இல் 1.21 பதிப்போடு ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள் வந்த ஸ்லைஸஸ் பேக்கேஜ் அதையும் கம்பைலரிடம் ஒப்படைத்தது. இங்கே ஜெனரிக்ஸ் தன் கூலிக்கு வேலை செய்கிறது: டைப் எதுவானாலும் உள்ளே இருக்கும் கோட் ஒரு எழுத்துகூட மாறாது.

ஆனால் வரும் மதிப்பின் ஒரு மெத்தடைக் கூப்பிடுவது மட்டுமே வேலை என்றால் டைப் பாராமீட்டர், அதாவது ஜெனரிக்ஸ், வேண்டாம். ஐஓ.ரீடர் (ரீட் மெத்தட் உள்ள எதையும் ஏற்கும் இன்டர்ஃபேஸ்) வாங்கும் ஃபங்ஷனுக்குச் சாதாரண இன்டர்ஃபேஸ் போதும்.

நம் சொந்த கோடில் கணக்கு வேறு. எங்கள் டீமில் வாடிக்கையாளர், பில், சரக்கு மூன்றுக்கும் டேட்டாபேஸ் கோட் ஒரே அச்சாக இருந்தது. ஆர்வத்தில் நான்தான் ஒரே ஜெனரிக் ரெபாசிட்டரி (டேட்டாபேஸ் வேலைகளைக் கவனிக்கும் கோட்) ஆக்கினேன். பில்லை டெலீட் செய்யக் கூடாது, கேன்சல் மட்டும்தான் என்றார்கள்; அதற்கு ஒரு ஃப்ளாக் (ஆன்/ஆஃப் சுவிட்ச் மாதிரி) போட்டேன். இரட்டைப் பதிவான வாடிக்கையாளர்களை இணைக்க இன்னொன்று. நாலாவது ஃப்ளாக்கில் எனக்கே எந்தப் பாதை ஓடுகிறது என்று புரியவில்லை. அந்த மூன்றும் ஒரே லாஜிக் இல்லை, அன்றைக்கு ஒரே மாதிரி தெரிந்தன, அவ்வளவுதான்.

திரும்ப மூன்று ஃபைலாகப் பிரித்தேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் ரிவ்யூவில் கேட்டான், "அண்ணா, இதெல்லாம் ஒரே மாதிரி இருக்கே, ஒண்ணாக்கிடலாமா?" மூன்று ஃபைலிலும் டெலீட் ஃபங்ஷனை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தேன்.