காஸ்மோஸ் தொடரின் 13 பகுதிகள்: ஐந்து முறை பார்த்த பிறகு என் வரிசை

வானியலாளர் கார்ல் சேகன் வழங்கிய ‘காஸ்மோஸ்’ என்ற அறிவியல் தொடர் 1980 செப்டம்பர் 28 முதல் டிசம்பர் 21 வரை அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சியில் வாரம் ஒரு பகுதியாக வந்தது. நான் முதலில் பார்த்தது 2009இல், டிவிடியில். அதற்குப் பிறகு இன்னும் நான்கு முறை முழுதாகப் பார்த்துவிட்டேன். கடைசி முறை போன மழைக்காலத்தில், பதினோரு வயது மகளோடு. என்னிடம் இருக்கும் டிவிடியில் தமிழ் வசனவரி இல்லை. நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டே போனதால் ஒரு மணி நேரப் பகுதி இரண்டு மணி நேரம் ஆனது. அப்படிப் பார்க்கும்போதுதான் எந்தப் பகுதி உள்ளே கெட்டியாக இருக்கிறது, எது பின்னணி இசையின் பலத்தில் நிற்கிறது என்பது தெரிகிறது.

என் வரிசை ஒவ்வொரு முறையும் மாறியிருக்கிறது. முதல்முறை, பிரம்மாண்டமான காட்சிகள் உள்ள பகுதிகளெல்லாம் மேலே இருந்தன. இப்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: “இது இப்படி” என்று சொல்வதோடு நிற்கிறாரா, “இது இப்படித்தான் என்று மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்” என்பதையும் காட்டுகிறாரா? நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன தொடர். தகவல்கள் பழசாகத்தான் செய்யும். அண்டத்தின் வயதை அவர் சுமார் 1500 கோடி ஆண்டு என்று வைத்துக் கணக்குச் சொல்கிறார். இன்றைய கணக்கு 1380 கோடி. அதனால் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. கண்டுபிடித்த வழியைக் காட்டிய இடங்கள் இன்றும் புதிதாகவே இருக்கின்றன.

முதலிடம் மூன்றாம் பகுதிக்கு. கோள்களின் பாதையைக் கண்டுபிடித்த ஜெர்மானிய வானியலாளர் கெப்லரின் கதை. முதல்முறை இதைப் பாதியில் தூங்கிவிட்டுத் தாண்டிப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராக்கெட் இல்லை, கோள்களின் படங்களும் அதிகம் இல்லை. பழைய உடை போட்ட நடிகர்கள், ஒரு வகுப்பறை, ஒரு பெரிய விருந்து மேசை. ஆனால் அதில் நடப்பதைப் பாருங்கள். கிராஸ் நகரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த கெப்லருக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. அன்றைக்குத் தெரிந்த கோள்கள் ஆறு. கனசதுரம் போல எல்லா முகமும் ஒரே மாதிரியான சீரான திண்ம வடிவங்கள் மொத்தமே ஐந்து. ஆறு கோள்களுக்கு நடுவே ஐந்து இடைவெளிகள். கடவுள் இந்த ஐந்து வடிவங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித்தான் கோள்களை வைத்திருக்கிறார் என்று நம்பிவிடுகிறார். அழகான யோசனை, ஆனால் தவறு. அதை நிரூபிக்க நல்ல அளவீடுகள் வேண்டும். அவை இருப்பது டென்மார்க் வானியலாளர் டைகோ பிராகேயிடம். 1600இல் பிராக் நகரத்துக்கு அருகில் அவரிடம் போய்ச் சேர்கிறார். டைகோவோ அளவீடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கண்ணில் காட்டுகிறார். அடுத்த ஆண்டே டைகோ இறந்துபோக, அந்தக் குறிப்புகள் கெப்லர் கைக்கு வருகின்றன.

அப்புறம் செவ்வாயோடு பல ஆண்டுப் போராட்டம். வட்டப் பாதை என்று வைத்துக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. எட்டு கலை மட்டும் இடிக்கிறது (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு கலை). முழுநிலவின் அகலத்தில் கால் பங்குதான் அந்த வித்தியாசம். வேறு யாராக இருந்தாலும் அளந்தவர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். டைகோ அவ்வளவு தவறாக அளந்திருக்க மாட்டார் என்று கெப்லருக்குத் தெரியும். அதனால் இரண்டாயிரம் ஆண்டு நம்பிக்கையான வட்டத்தையே தூக்கிப் போட்டுவிட்டு, நீள்வட்டத்துக்கு வருகிறார். 1609இல் அது அச்சில் வந்தது. அதற்குப் பிறகு போரும் நோயும் குடும்பத்தைப் பிடுங்கித் தின்கின்றன. அவருடைய அம்மாவைச் சூனியக்காரி என்று சிறையில் அடைக்கிறார்கள். “அப்பா, தான் ஆசையா கண்டுபிடிச்சது தப்புன்னு அவரே எப்படி ஒத்துக்கிட்டாரு?” என்று மகள் கேட்டாள். ஒரு மணி நேரத்தில் சேகன் சொல்ல வந்ததும் அந்தக் கேள்விதான். அவளுக்கு நான் சொன்ன பதில் சரியாக இருந்ததா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது, முதல் பகுதி. பழங்காலக் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் வரும் சில நிமிடங்களுக்காகவே. எகிப்தின் தெற்கே சையீனி என்ற ஊரில் ஆண்டின் நீண்ட பகல் நாளில், உச்சி வேளையில் கம்பங்களுக்கு நிழல் விழுவதில்லை. அதே நாளில் அலெக்சாண்டிரியாவில் விழுகிறது. சேகன் ஒரு அட்டையில் இரண்டு சின்னத் தூண்களை ஒட்டி வைத்துக்கொண்டு காட்டுகிறார். அட்டை தட்டையாக இருந்தால் இரண்டு நிழலும் ஒரே மாதிரி. வளைத்தால்தான் வேறுபடும். வித்தியாசம் சுமார் 7 பாகை, அதாவது வட்டத்தில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. இரு ஊருக்கும் இடையே 800 கிலோமீட்டர். ஐம்பதால் பெருக்கினால் 40,000. பூமியின் சுற்றளவு கிடைத்துவிட்டது. சையீனி கடக ரேகையை ஒட்டிய ஊர் என்பதால் அங்கே ஆண்டுக்கு ஒரு நாள்தான் நிழல் மறையும். நமக்கு இரண்டு நாள். சென்னையில் ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும். இந்தப் பகுதியைப் பார்த்தவர்கள் அந்த நாளில் மொட்டைமாடியில் ஒரு குழாயை நிறுத்தி வைத்துப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

மூன்றாவது, ஏழாம் பகுதி. தான் சிறுவனாகப் படித்த புரூக்ளின் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கோள்களின் படங்களைக் கையில் கொடுக்கிறார். நட்சத்திரம் என்றால் என்ன என்று சின்ன வயதில் நூலகத்தில் புத்தகம் கேட்டபோது, சினிமா நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகத்தைக் கொடுத்தார்கள் என்று அவர் சொல்வதும் இதில்தான். அங்கிருந்து பழங்கால அயோனியக் கிரேக்க அறிஞர்களுக்குத் தாவுகிறார். காற்று என்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஒரு பொருள்தான் என்று எம்பெடோக்லிஸ் தண்ணீர் மொள்ளும் ஒரு ஏனத்தை வைத்துக் கண்ட கதை எனக்கு மிகவும் பிடித்தது. பித்தாகோரஸ், பிளேட்டோ இருவர் மேலும் அவர் வைக்கும் குற்றச்சாட்டு கொஞ்சம் அதிகப்படி. ஆனால் கையால் வேலை செய்வதை இழிவாக நினைத்த அடிமைச் சமூகத்தில் சோதனை அறிவியல் வளராது என்று அவர் சொல்லும் இடத்தில், நம்மைப் பற்றியும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஐந்தாம் பகுதி நான்காவது. செவ்வாயில் கால்வாய் இருக்கிறது என்று நம்பிய பெர்சிவல் லோவலையும், அங்கே நுண்ணுயிர் தேட ஒரு கருவி செய்த வுல்ஃப் விஷ்னியாக்கையும் அருகருகே வைக்கிறார். விஷ்னியாக்கின் கருவி, செவ்வாய்க்குப் போன வைக்கிங் விண்கலத்திலிருந்து நீக்கப்பட்டது. அவர் 1973இல் அண்டார்டிகாவில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். நண்பரைப் பற்றிப் பேசும்போது சேகனின் குரல் தணிந்துவிடுகிறது.

ஒன்பதும் எட்டும் அடுத்தடுத்து. ஒன்பதில் ஆப்பிள் பணியாரம் ஒன்றைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் சுமார் தொண்ணூறு வெட்டில் அணுவுக்கு வந்துவிடலாம் என்று காட்டும் இடம், எந்தப் பாடப்புத்தகமும் செய்யாதது. எட்டில் ஒளியின் வேகத்தை நெருங்கி ஸ்கூட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பும் இளைஞன், தன் தம்பி கிழவனாகக் காத்திருப்பதைப் பார்க்கிறான். சார்பியலை இதைவிட நன்றாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பத்தாம் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பொங்கலும் சோழர் கால நடராசர் வெண்கலமும் வரும் பகுதி இது. 2009இல் அதைப் பார்த்துப் பூரித்துப்போய் முதலிடம் கொடுத்தேன். பிரம்மாவின் ஒரு பகலும் இரவும் சேர்ந்து 864 கோடி ஆண்டு என்று அவர் சொல்லும் துண்டு மட்டும் வாட்ஸ்அப்பில் எனக்குப் பல முறை வந்திருக்கிறது, நம் முன்னோர்களுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்ற குறிப்போடு. தொடரோடு வந்த நூலில், இன்றைய அறிவியல் சொல்லும் கால அளவுகளோடு உள்ள இந்தப் பொருத்தம் தற்செயலானது என்று சேகன் தெளிவாகவே எழுதியிருக்கிறார். அதை விட்டுவிட்டுப் பகிர்வது அவருக்கும் நியாயமில்லை, நமக்கும் நியாயமில்லை. இந்தப் பகுதியில் எனக்கு இப்போது நிலைத்திருப்பவர் மில்டன் ஹியூமேசன். வானாய்வகம் இருக்கும் மவுண்ட் வில்சன் மலைக்குக் கோவேறு கழுதையில் சாமான் ஏற்றிப் போனவர், அங்கேயே துப்புரவுப் பணியாளராகி, பிறகு இரவு உதவியாளராகி, வானியலாளர் ஹப்பிளோடு சேர்ந்து விண்மீன் மண்டலங்கள் விலகிப் போவதை அளந்தவர். அண்டம் மறுபடி சுருங்கக்கூடும் என்று இங்கே பேசப்படுவது மட்டும் பழசாகிவிட்டது. விரிவு வேகமெடுக்கிறது என்பது 1998இல் தெரியவந்தது. சேகன் 1996லேயே போய்விட்டார். என் வரிசையில் இதற்கு ஏழாம் இடம்.

ஆறு, பன்னிரண்டு, நான்கு ஆகிய மூன்று பகுதிகளும் நடுவில் நிற்கின்றன. பன்னிரண்டில் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் பழைய எகிப்திய எழுத்தைப் படித்த கதைதான் உயிர். நான்கில் வெள்ளிக் கோளின் வெப்பம் பற்றிய எச்சரிக்கைக்கு இன்று கூடுதல் கனம். ஆனால் 1178இல் துறவிகள் பார்த்தது நிலவில் பள்ளம் உண்டான நிகழ்வு என்ற விளக்கத்தை இப்போது பெரும்பாலானோர் ஏற்பதில்லை.

இரண்டாம் பகுதியில் வரும் சாமுராய் (ஜப்பானியப் போர்வீரர்) முக நண்டு பற்றி ஓர் எச்சரிக்கை. அந்த முகம் உள்ளவற்றை மீனவர்கள் தொடர்ந்து கடலில் விட்டதால்தான் அப்படி ஆயின என்கிறார். அந்த நண்டு சாப்பிடும் அளவுக்குப் பெரிதே இல்லை, அந்தக் கோடுகள் தசைகள் ஒட்டும் இடங்கள் என்று பிறகு மறுத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் காட்டினால் இதையும் சொல்லிவிடுங்கள்.

பதின்மூன்றாம் பகுதியைப் பன்னிரண்டாம் இடத்தில் வைப்பது எனக்கே வருத்தம். அணு ஆயுதத்துக்கு எதிராக இவ்வளவு மனம்விட்டுப் பேசிய அறிவியல் தொடரை நான் பார்த்ததில்லை. ஆனால் அலெக்சாண்டிரியாவின் கணித அறிஞர் ஹைபேஷியாவின் கொலையையும் அலெக்சாண்டிரியா நூலகத்தின் அழிவையும் ஒரே கதையாகச் சேர்த்துவிடுகிறார். அவர் கொல்லப்பட்டது 415இல். அந்தப் பெரிய நூலகம் அதற்கு வெகுகாலம் முன்பே இல்லாமல் போயிருந்தது. கெப்லரின் எட்டு கலையைக் கொண்டாடியவர் இங்கேயும் அதே கறாரோடு இருந்திருக்க வேண்டும்.

கடைசி இடம் பதினொன்றுக்கு. மூளையை மூன்று அடுக்காகப் பிரித்து அவர் தரும் விளக்கத்தை நரம்பியல் இன்று கைவிட்டுவிட்டது. கண்டுபிடித்த கதையும் இதில் குறைவு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் 1, 3, 7, 5 என்று பார்த்துவிட்டு மற்றதற்குப் போகலாம். பதினொன்றைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் போதும். அதிலும் திமிங்கலங்களின் பாட்டு வரும் இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரவில் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்.