மன்னார்குடி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு: மூன்று மாதம் போய்வந்த பிறகு

மன்னார்குடி தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சாயங்காலம் நடத்தும் வகுப்பு இது. மாதம் 700 ரூபாய், வாரத்தில் நாலு நாள், ஆறரையிலிருந்து எட்டு மணி வரை. பணம் கொடுத்ததற்கு மதிப்பு இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் உரக்கடையில் பில் போடுகிறேன். யூரியா வாங்க வருகிறவர் கைரேகை வைத்ததும் மெஷினில் வரும் சீட்டைக் கிழித்துக் கொடுப்பதுதான் நாள் முழுக்க வேலை, அதனால் ‘ரிசிப்ட்’ என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. ஒரு நாள் வெளியூர் கம்பெனி ஆள் ஒருவர் போனில் “வாட்? ரெசிபி?” என்று கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்தவரிடமும் அதைச் சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அடுத்த வாரமே வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

இரண்டாம் நாளே டீச்சரிடம் இதைத்தான் கேட்டேன். எழுத்தில் ‘பி’ இருந்தாலும் ஒலி கிடையாதும்மா, ரிசீட், அவ்வளவுதான் என்றார். அப்புறம் எதற்கு அந்த எழுத்து என்று விடாமல் கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை, உட்கார்ந்து விளக்கினார். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. மூலமான லத்தீனில் ‘பி’ இருக்கிறதே என்று படித்தவர்கள் பின்னாளில் எழுத்தில் மட்டும் சேர்த்துவிட்டார்கள், பேச்சு பழையபடியே நின்றுவிட்டது. ஏமாற்று என்ற பொருளில் வரும் டிசீட், கர்வத்தைச் சொல்லும் கன்சீட் எல்லாம் இதே குடும்பம்தான், அவற்றில் இன்றைக்கு ‘பி’ கிடையாது. ரெசிபியும் அதே லத்தீன் வினையிலிருந்து வந்ததுதானாம், ஒரு காலத்தில் சமையல் குறிப்பையே ஆங்கிலத்தில் ரிசீட் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்த போன் விஷயம் அன்றைக்குத்தான் மனசை விட்டு இறங்கியது.

இன்னொன்றும் சொன்னார். எங்கள் அப்பா ‘ரசீது’ என்றுதான் சொல்வார், அது ஆங்கிலத்தின் சிதைந்த வடிவம் என்று நினைத்து நான் கடையில் அந்தச் சொல்லையே விட்டிருந்தேன். ரசீது பாரசீகச் சொல், ‘வந்து சேர்ந்தது’ என்று பொருள், ஆங்கிலச் சொல்லோடு சம்பந்தமே இல்லை. இப்போது நம்ம ஊர்க்காரர்களிடம் தைரியமாக ரசீது என்கிறேன்.

சொல்லிக்கொடுக்கும் முறைதான் இங்கே விசேஷம். பில் ரோலில் ஒரு விரல் அகலத்துக்குக் காகிதம் கிழித்து உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னார். ‘பேப்பர்’ என்றால் காகிதம் துள்ளுகிறது, ஏனென்றால் உதடு மூடித் திறக்கிறது. ‘ரிசீட்’ என்னும்போது மேலுதடும் கீழுதடும் ஒட்டவே கூடாது. எனக்கு எட்டாவது தடவைதான் உதடு ஒட்டாமல் வந்தது. அழுத்தம் ‘சீ’யில் விழ வேண்டும், கடைசியில் ‘ரிசீட்டு’ என்று நம் வழக்கப்படி ஓர் உகரத்தைச் சேர்க்கக் கூடாது, நாக்கை ரொம்ப மடிக்காமல் மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் தொட்டு எடுத்தால் போதும்.

பயன்படுத்துவதிலும் திருத்தம் உண்டு. பணம் கேட்டுக் கொடுப்பது பில், பணம் வந்த பிறகு கொடுப்பது ரிசீட். ‘பெற்றுக்கொண்டேன்’ என்பதற்கு ரிசீவ்ட் என்று சொல்ல வேண்டும், அதில் ‘பி’ எழுத்தும் வராது. மாதக் கட்டணம் கட்டியதும் “குட் ஐ ஹேவ் எ ரிசீட், ப்ளீஸ்?” என்று ஒவ்வொருவரும் கேட்டுத்தான் சீட்டை வாங்க வேண்டும். அதையே கடையில் போனில் சொன்னேன், இந்தத் தடவை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஒரு பேட்ச்சில் இருபது பேருக்கு மேல் சேர்த்துவிடுகிறார்கள், அதனால் ஆளுக்குப் பேச இரண்டு மூன்று நிமிஷம்தான் கிடைக்கிறது. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்கினால் உரக்கடையில் நகர முடியாது, ஆறு வகுப்பு போயிற்று, அதை ஈடுகட்ட ஏற்பாடு எதுவும் இல்லை. விவசாய வீட்டுப் பிள்ளைகள் பாதிப்பேர் இருக்கும் வகுப்பில் இதை யோசித்திருக்கலாம், டீச்சரிடமும் சொல்லியிருக்கிறேன்.

சேர்வதாக இருந்தால் முன்பெஞ்சைப் பிடியுங்கள். பின்னால் ஃபேன் சத்தத்தில் சொல்லின் கடைசி ஒலி காதில் விழாது.