போஸ்ட்கிரெஸில் சிங்க்ரனஸ் கமிட்டை அணைத்து வைத்த அனுபவம்

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் ஓடும் எங்கள் சர்வரில் வாடிக்கையாளர்களின் பணக்கணக்கும், இயந்திரங்களின் சென்சார்கள் நொடிதோறும் அனுப்பும் அளவீடுகளும் சேர்கின்றன. டிஸ்க்கைத் திணறடித்தவை அளவீடுகளே என்பதால், அவற்றைப் பதியும் டிரான்சாக்ஷன்களுக்கு (ஒன்றாகச் சேர்த்துப் பதியப்படும் மாற்றங்களுக்கு) மட்டும், டிஸ்க்கில் சேர்ந்த பிறகே கமிட், அதாவது பதிவு, முடிந்ததாகப் பதில் தரும் சிங்க்ரனஸ் கமிட்டை அணைத்து, பல ஆண்டுகளாக அப்படியே வைத்திருக்கிறோம். சர்வர் முழுவதையும் தொடாமல் டிரான்சாக்ஷன் அளவிலேயே இதை மாற்ற முடிவதுதான் எனக்கு மிகவும் பிடித்த வசதி. பணக்கணக்கு வழக்கமான பாதுகாப்போடு தொடர்கிறது.

இதை அணைத்தால், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் வால் லாக் டிஸ்க்கில் சேரும்வரை காத்திராமல் கமிட் முடிந்ததாகப் பதில் வந்துவிடும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் கடைசிக் கமிட்டுகள் சில தொலையும். ஆனால் அந்த இழப்பு, வால் லாகை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை டிஸ்க்கில் எழுதுவது என்று சொல்லும் வால் ரைட்டர் டிலே என்னும் அமைப்பின் மதிப்பைப் போல் அதிகபட்சம் மூன்று மடங்கு நேரத்துக்கு உரியது. இயல்பான 200 மில்லி நொடியை மாற்றாவிட்டால் ஒரு நொடிக்கும் குறைவு. எஞ்சிய தரவு முரணின்றி இருக்கும். யு.பி.எஸ். கைவிட்டபோதெல்லாம் எங்களுக்கு நேர்ந்தது வரைபடத்தில் ஒரு சிறு இடைவெளி மட்டுமே.

எழுதியது டிஸ்க்கில் உண்மையிலேயே சேர்வதை உறுதிசெய்யும் எஃப்சிங்க்கை அணைப்பதையும் இதையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதை அடிக்கடி கேட்கிறேன், அது தவறு. எஃப்சிங்க் இல்லையென்றால், வால் லாக் முதலில், தரவுக் கோப்பு பிறகு என்ற வரிசைக்கே உத்தரவாதம் இல்லாமல் போகிறது. திடீரென நின்ற சர்வர் மீண்டு எழும்போது டேபிள்களும் இண்டெக்ஸ்களும் சிதைந்திருக்கலாம், அச்சிதைவு மாதக்கணக்கில் வெளியே தெரியாமலும் இருக்கலாம். பக்கம் முழுவதையும் வால் லாகில் நகலெடுத்துவைக்கும் ஃபுல் பேஜ் ரைட்ஸையும் நான் தொடுவதில்லை. தரவுக் கோப்பின் 8 கிலோபைட் பக்கம் ஒன்று பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுபோனால் அதை மீட்டெடுக்க உதவுவது அதுதான்.

அமைப்புகள் சரியாக இருந்தாலும் அடியில் இருப்பவற்றையும் பார்க்க வேண்டும். எஃப்சிங்க் ஒருமுறை தோற்றபின் மறுமுறை அழைத்தால் லினக்ஸ் வெற்றி என்று சொல்லிவிடக்கூடும் என்பது 2018இல் பெரும் விவாதமானது. 2019 பிப்ரவரியில் வந்த திருத்த வெளியீடுகள் முதல், அத்தகைய தோல்வி நேர்ந்தால் போஸ்ட்கிரெஸ் தன்னையே நிறுத்திக்கொண்டு வால் லாகிலிருந்து மீள்கிறது. மின்தடைப் பாதுகாப்பு இல்லாத மலிவான எஸ்.எஸ்.டி.கள், எழுதிவிட்டதாகச் சொன்ன தரவையே மின்தடையில் தொலைக்கக்கூடும் என்பதால் அவற்றையும் தவிர்க்கிறோம். தரவு சிதைந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் செக்சம்மும் இயக்கத்தில் இருக்கிறது. 18ஆம் பதிப்பில் அதுவே இயல்பு.

எஃப்சிங்க்கை நாங்கள் அணைப்பது, எந்நேரமும் அழித்து மீண்டும் உருவாக்கக்கூடிய சோதனை சர்வர்களில் மட்டும்.