ஒரு மைக், இரண்டு ரேடியோ: ஒய் கேபிளா, சுவிட்ச் பெட்டியா, தனித்தனி மைக்கா?

வண்டியில் இரண்டாவது ரேடியோவை (பட்டனை அழுத்திப் பேசும் இருவழி ரேடியோ) மாட்டியதுமே கியர் பக்கத்தில் இரண்டு சுருள் ஒயர் பின்னிக்கொள்ளும், அவசரத்தில் கைக்குச் சிக்குவது தப்பான மைக்காகவே இருக்கும். ஒரே மைக்கில் முடித்துவிடலாமே என்று தோன்றுவது நியாயம்தான்.

ஒய் கேபிள், அதாவது ஒரு மைக்கை இரண்டு ரேடியோவுக்கும் பிரித்துவிடும் ஒயர், வேண்டவே வேண்டாம். பட்டனை அழுத்தினால் இரண்டு ரேடியோவும் சேர்ந்தே பேசும். அதைவிட மோசமானது பிளக்கில் உள்ள பின்களின் (ஊசிகளின்) வரிசை. ஐகாம், கென்வுட் என்ற இரண்டு கம்பெனி ரேடியோக்களின் எட்டு பின் வட்ட சாக்கெட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், பிளக்கும் கச்சிதமாக உட்காரும். ஆனால் ஐகாமில் 2-வது பின் 8 வோல்ட் சப்ளை, 5-வது பேசும் பட்டனுக்கு. கென்வுட்டில் அப்படியே தலைகீழ். ஐகாம் மைக்கை இரண்டுக்கும் நேருக்கு நேர் இணைத்து பட்டனை அழுத்தினால் கென்வுட்டின் 8 வோல்ட் கிரவுண்டோடு ஷார்ட் ஆகும். மல்டிமீட்டரும் சர்க்யூட் படமும் இல்லாமல் இதில் கை வைக்காதீர்கள்.

ஒரே மைக்கை வேண்டிய ரேடியோவுக்கு மாற்றிவிடும் சுவிட்ச் பெட்டி சரியான வழி, ஒழுங்காகச் செய்தால். மைக் ஆடியோ, பேசும் பட்டன், 8 வோல்ட் மூன்றும் சேர்ந்து மாற வேண்டும். நான் முதலில் இந்த மூன்றை மட்டும் மாற்றிவிட்டு மைக் கிரவுண்டைப் பொதுவாக விட்டேன். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க, கேட்பவர் காதில் 'ஊய்ங்' என்று ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் கருவி) சத்தம் ஏறியது. கிரவுண்டையும் நான்காவது இணைப்பாக சுவிட்ச் வழியே எடுத்த பிறகுதான் அடங்கியது. பெட்டி உலோகமாக இருக்கட்டும், ஆடியோவுக்கு ஷீல்டு ஒயர் (இரைச்சலைத் தடுக்க உலோக உறை போட்டது) போடுங்கள், எந்த ரேடியோ தேர்வாகியிருக்கிறது என்று காட்ட ஒரு எல்இடியும் வேண்டும், இல்லாவிட்டால் ஒருவருக்குச் சொல்ல வேண்டியது வேறொரு சேனலில் போய்விடும். அப்புறம், சில சிபி ரேடியோக்களில் (பொதுமக்கள் குறுந்தூரம் பேசப் பயன்படுத்தும் வகை) ஸ்பீக்கர் லைனே மைக் பிளக் வழியாகத்தான் போகும். சுவிட்சை மறுபக்கம் தள்ளினால் அந்த ரேடியோ ஊமையாகிவிடும்; அதற்குத் தனியாக ஓர் இணைப்பு தேவை.

மைக்கில் எண் பட்டன்கள் இருந்தால் பேச்சே வேண்டாம், தனித்தனி மைக்தான். அந்த பட்டன்கள் ஒரு கம்பெனியின் ரேடியோவுக்குப் பேசும் மொழி இன்னொன்றுக்குப் புரியாது. பெட்டி கட்டினாலும் பாதி வசதி போய்விடும்.

என் வண்டியில் ஒரே கம்பெனியின் சாதாரண மைக் ரேடியோக்கள் இரண்டு இருந்தவரை சுவிட்ச் பெட்டிதான், குறையே இல்லை. இப்போது இரண்டும் வெவ்வேறு கம்பெனி என்பதால் இரண்டு மைக்: கிளிப் ஒன்று டேஷ்போர்டின் மேலே, மற்றது கீழே. கீழே இருப்பதன் முதுகில் ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கிறேன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.