மானாமதுரையில் பெரியம்மாவுக்கு அக்கி: மெடிக்கல் கடையும் வேளார் வீடும் தோல் டாக்டரும்

ஊருக்குப் போய் வந்தவர்கள் ஆதார் திருத்தம், பேங்க் கேஒய்சி, பத்திர ஆபீஸ் என்று அலைந்த கதையைத்தான் எழுதுவார்கள். அந்த வேலைகள் எனக்கும் இருந்தன, முடிந்தன, சொல்ல ஒன்றுமில்லை. தீபாவளியை ஒட்டி மானாமதுரையில் இருந்த நாட்களில் பாதியைத் தின்றது பெரியம்மாவின் இடது விலா.

பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சுகர் உண்டு, மாத்திரையில் ஓடுகிறது. நான் போய் இறங்கியபோதே இடது மார்புக்குக் கீழே எரிகிறது, ரவிக்கை பட்டாலே சுரீர் என்கிறது என்று கையை விலக்கிப் பிடித்தபடிதான் நடந்துகொண்டிருந்தார். "வாய்வுப் பிடிப்பு" என்று பெரியப்பா தீர்ப்பு எழுதிவிட்டதால் பெருங்காயமும் இஞ்சிச் சாறும் நடந்தது. எனக்குப் பயம் இதயத்தைப் பற்றி. பக்கத்துத் தெருவில் ஒரு கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள். உட்கார்ந்த கால் மணி நேரத்தில் தாள் கையில். இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் ஸ்விண்டனில் குடும்ப டாக்டரின் ரிசப்ஷனைப் போனில் பிடிக்கவே அதைவிட அதிக நேரம் ஆகும். ஈசிஜி சரியாக இருந்தது. வலிக்கு ஒரு ஊசி, வயிற்றுக்கு ஒரு மாத்திரை, அனுப்பிவிட்டார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சுகர் உள்ள வயதான பெண்ணுக்கு இடது பக்கம் வலி என்றால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். தோலில் அப்போது ஒன்றுமே இல்லை.

தீபாவளியன்று விடிகாலை எண்ணெய் தேய்க்க உட்கார வைத்தபோதுதான் அக்கா பார்த்தாள். முதுகுத் தண்டுக்கு இடது புறத்தில் ஒரு சிவப்புத் திட்டு, அதன்மேல் கடுகுபோல் நீர்க்கொப்புளங்கள். அடுத்த திட்டு விலாவில், அதற்கடுத்தது மார்புக்குக் கீழே. நடு மார்புக்கு வந்ததும் கோடு போட்டாற்போல் நின்றுவிட்டது. வலது பக்கம் சுத்தம்.

அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எட்டுக்கால் பூச்சி ஒண்ணுக்குப் போயிருக்கும். பட்டாசு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. உடம்புச் சூடு. கருவாடு. கொழுந்தனார் ஒருவர் கொரோனா தடுப்பூசியை இழுத்தார்.

வெயில் ஏறியதும் மெடிக்கலுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் என் போனில் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "அரிக்குதாக்கா, எரியுதா?" எரிகிறது என்றேன். ஒரு ட்யூபை எடுத்து வைத்தான். அட்டையைத் திருப்பிப் படித்தால் மூன்று மருந்து ஒன்றாக: குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று. என்ன நோயாக இருந்தாலும் மூன்றில் ஒன்று பிடிக்கும் என்ற கணக்கு. அக்கி வைரஸால் வருவது; வைரஸுக்கு மட்டும் அதில் ஒன்றுமில்லை.

இந்த ட்யூப் விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே அதற்கு இன்னொரு ஆள் இருந்தார். தங்கை வீட்டுக்காரருக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை. வருஷக் கணக்காக இதே மாதிரிக் களிம்புதான். பூசினால் ரெண்டு நாளில் அரிப்பு நிற்கும். விட்டால் முன்னைவிட அகலமாகத் திரும்பும். ஸ்டீராய்டு செய்வது அதைத்தான். சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும், அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பையும் சேர்த்து அமுக்கும், பூஞ்சை உள்ளே நிம்மதியாக வளரும். வட்டத்தின் ஓரம் கலைந்து வேறேதோ நோய்போல் தெரிவதால் அடுத்து பார்க்கும் டாக்டருக்கும் குழப்பம். இந்தியாவில் பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் படர்தாமரை அடங்காமல் பரவுவதற்கு இந்தக் கலவைக் களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பூஞ்சையைக் கொல்லும் டெர்பினாஃபின் மாத்திரைக்கே மசியாத பூஞ்சை வகை ஒன்றுக்கு 2020இல் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று நம் நாட்டின் பெயரையே ஒட்டவைத்தார்கள். 2023இல் அது நியூயார்க்கிலும் கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு உத்தரவு போட்டது. அந்த உத்தரவு எங்கள் கடைத்தெரு வரை வந்து சேரவில்லை போலிருக்கிறது. மருந்தை வாங்காமல் திரும்பினேன்; பையனுக்கு வருத்தம், "எல்லாரும் வாங்குறதுதான்க்கா" என்றான்.

இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் நம்மூர்க் கடையைத் திட்டத்தான் தோன்றும். ஆனால் சமாச்சாரம் அவ்வளவு லேசில்லை. 2024 ஜனவரி முதல் இங்கிலாந்திலேயே மருந்துக் கடைக்காரர் ஏழு நோய்களுக்கு டாக்டரைப் பார்க்காமலே மருந்து கொடுக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஏழில் அக்கியும் ஒன்று. அங்கும் கவுண்டர்தான், இங்கும் கவுண்டர்தான். அங்கே உள்ளே ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துக் கேட்பார்கள்: கொப்புளம் எப்போது கிளம்பியது? ஒரு பக்கம் மட்டும்தானா? கண்ணுக்கு அருகே, மூக்கு நுனியில், காதில் இருக்கிறதா? நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா? கர்ப்பமா? ஆபத்தாக ஏதாவது இருந்தால் டாக்டரிடம் அனுப்புவார்கள், இல்லையென்றால் வைரஸ் மாத்திரை. நம்மூரில் ஏழைபாழைகளுக்கு முதல் டாக்டர் மெடிக்கல் கடைதான், அது மாறப்போவதில்லை. அந்தப் பையனுக்கு யாராவது இந்த நாலைந்து கேள்வியைச் சொல்லிக்கொடுத்திருந்தால் போதும் என்றுதான் எனக்குப் பட்டது.

சாயங்காலம் பெரியப்பா தன் வழியில் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு குலாலர் தெருவுக்குக் கிளம்பினார். நானும் போனேன். மானாமதுரை என்றால் கடம், பானை. அந்தப் பானை செய்யும் வேளார்களில் சிலர்தான் அக்கி எழுதுகிறவர்கள். எங்களுக்கு எழுதியவர் வயதானவர். பெரியம்மாவை வெளிச்சத்தில் திருப்பி உட்காரவைத்து முதுகிலிருந்து முன்பக்கம் வரை விரல் படாமல் கண்ணாலேயே ஓட்டினார். "ஒரு பக்கமாத்தான் ஓடியிருக்கு. அக்கிதான் தாயி. பூச்சியெல்லாம் இல்ல" என்றார். காலையிலிருந்து இத்தனை பேர் பார்த்ததில் நோயின் பெயரைச் சரியாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். காவியை நீரில் குழைத்து, கோழி இறகால் கொப்புளத்தைச் சுற்றி எழுதினார். சிங்கம் என்றார், எனக்கு வால் மட்டும் புரிந்தது. வெற்றிலையில் வைத்துக் கொடுத்ததை எண்ணாமல் வாங்கிக்கொண்டார். எழுந்திருக்கும்போது, "சுகர் இருக்குல்ல, நாளைக்கே டாக்டரையும் பாத்துருங்க. எரிச்சலுக்கு இது குளிர்ச்சி, அவ்வளவுதான்" என்றார். காவி வைரஸைக் கொல்லாது. அக்கி பெரும்பாலும் ரெண்டு மூன்று வாரத்தில் தானாகவே காய்ந்துவிடும் என்பதால் எழுதியவருக்குப் பேர் வந்துவிடும். உடைந்த கொப்புளத்தில் காவித் தண்ணீர் படுவதும் நல்லதில்லை. இருந்தாலும் அன்றைக்கு நாங்கள் போன இடங்களிலேயே ஒழுங்காக நோயாளியைப் பார்த்தது அந்தத் திண்ணையில்தான்.

மறுநாள் மதுரையில் தோல் டாக்டர். பஸ்ஸில் போகவேண்டாம் என்று கார் பிடித்தோம். சாயங்கால கிளினிக், போனில் டோக்கன், போன அன்றே பார்த்துவிட்டோம். ஸ்விண்டனில் தோல் சிறப்பு மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் வரிசை. வசதி இல்லாதவர்கள் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் காலையில் ஓபி சீட்டு போட்டுப் போகலாம் என்றும் டாக்டரே சொன்னார். நர்ஸ் காவியைத் துடைத்து எடுத்த பிறகுதான் அவருக்குத் தோல் தெரிந்தது. முகம் சுளிக்கவில்லை, பழகியிருப்பார்.

"சின்ன வயசுல அம்மை போட்டுச்சாம்மா?"

"போட்டுச்சே. அஞ்சாப்பு படிக்கையில. வேப்பிலையிலதான் படுக்கப் போட்டுருந்தாக."

"அதுதான் இது."

பெரியம்மா நம்பவில்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் தண்ணி ஊற்றி அனுப்பிய ஆத்தா எப்படித் திரும்பி வருவாள்? டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் முதுகெலும்பை வரைந்து காட்டினார். சின்னம்மை இறங்கினாலும் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத் தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தூங்கிக் கிடக்கும். வயது ஏறும்போதோ, சுகர், புற்றுநோய் சிகிச்சை, நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை, எச்ஐவி என்று உடம்பின் காவல் தளரும்போதோ எழுந்து, ஒரே ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு வருகிறது. ஒரு நரம்புக்கு உடம்பின் ஒரு பாதியில் ஒரு பட்டை மட்டுமே பாத்தியதை; அதனால்தான் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. நரம்பு முதலில் வீங்குவதால் கொப்புளத்துக்குச் சில நாள் முன்பே எரிச்சல். வாய்வு என்று நினைத்தது அதைத்தான். பலருக்கு வெளிப்படையான காரணமே இருக்காது, வயது ஒன்றே போதும்.

இந்தக் கணக்கைப் போட்டவர் எங்கள் ஸ்விண்டனுக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்பது எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். சைரன்செஸ்டரில் குடும்ப டாக்டராக இருந்த எட்கர் ஹோப்-சிம்சன், தன் சொந்த நோயாளிகளைப் பதினாறு வருஷம் குறித்துவைத்து, வயதோடு அக்கி ஏறுவதைக் கண்டு, உறங்கிக் கிடக்கும் சின்னம்மை வைரஸ்தான் திரும்பி எழுகிறது என்று 1965இல் எழுதினார். அதற்கு முன்பு ஷெட்லாந்தில் யெல் என்ற ஒதுங்கிய தீவுக்கும் போய் விசாரித்திருக்கிறார். பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை, நோட்டுப் புத்தகம்தான்.

டாக்டர் அவசரப்படுத்தியதற்குக் காரணம் இருந்தது. வைரஸ் மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். வாலாசைக்ளோவிர், நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தம் பார்த்துத்தான் எழுதினார். நெற்றியில், மூக்கு நுனியில் வந்திருந்தால் அப்படியே கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன், பார்வையே போகலாம் என்றார். காதில் வந்தால் வாய் ஒரு பக்கம் கோணலாம்.

அப்புறம் அவர் கேட்டதுதான் எங்களில் யாருக்கும் தோன்றாதது: "வீட்ல மாசமா யாராவது இருக்காங்களா?" இருந்தாள். வளைகாப்புக்கு வந்த அக்கா மகள் ராத்திரியெல்லாம் பெரியம்மா பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அம்மை என்றால் வாசலில் வேப்பிலை செருகித் தள்ளி வைக்கத் தெரிந்த வீட்டில், அக்கி என்றதும் யாரும் விலகவில்லை. அக்கி பக்கத்தில் இருப்பவருக்கு அக்கியாக ஒட்டாது. ஆனால் கொப்புளத்து நீர் பட்டால், அம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு அது ஆபத்து. நல்லவேளை, அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கையிலேயே வந்து போயிருக்கிறது. பொருக்கு விடும் வரை இடத்தைத் துணியால் மூடி வைக்கச் சொன்னார்.

எட்டுக்கால் பூச்சிக் கதையையும் கேட்டேன். சிரித்துவிட்டு, மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும் ஒரு சிறு வண்டைப் பற்றிச் சொன்னார். எறும்புபோல் ஒல்லியாக, செம்மஞ்சளும் கறுப்புமாக இருக்கும். கடிக்காது; கழுத்தில் ஊரும்போது நசுக்கினால் அதன் உடம்பு நீர் தோலைச் சுட்டுக் கோடாகக் கொப்புளிக்கும். காலையில் எழுந்து பார்க்கிறவர் அக்கி என்பார், இல்லை சிலந்தி என்பார். நசுக்காமல் ஊதித் தள்ளி, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கிளம்பும்போது பெரியப்பாவின் முழங்கைத் தேமலையும் விடாமல் பஞ்சால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு உணர்ச்சி தெரிகிறதா சொல்லுங்கள் என்றார். வெளிறிய திட்டில் உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். உலகத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுவதில் பாதிக்கு மேல் இன்னமும் இந்தியாவில்தான், அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். பெரியப்பாவுக்கு உணர்ச்சி நன்றாகவே இருந்தது. கூசுகிறது என்று கையை இழுத்துக்கொண்டார்.

கொப்புளம் காய்ந்துவிட்டது. எரிச்சல் முழுக்கப் போகவில்லை. வயதானவர்களுக்கு மாதக்கணக்கில் நரம்பு வலி தங்குவதுண்டு என்று டாக்டர் அதற்கு ப்ரீகாபலின் என்ற மருந்தை எழுதியிருக்கிறார். அதில் தலைசுற்றல் வருமென்பதால் ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாக எழுந்து போகக் கூடாது என்பது அக்காவின் சட்டம்.

பெரியப்பாவுக்கும் சின்ன வயதில் அம்மை போட்டிருக்கிறது. அக்கி வராமல் தடுக்கும் ஷிங்க்ரிக்ஸ் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் போடலாம், இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. ஸ்விண்டனில் அவர் வயதில் இருந்தால் அரசே இலவசமாகப் போட்டிருக்கும். இங்கே ஒரு ஊசிக்கே பத்தாயிரம் ரூபாயை ஒட்டிச் செலவு. விலையைக் கேட்டதும் "அந்தக் காசுக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கலாம்" என்று மறுத்தவர், பெரியம்மா ராத்திரி எரிச்சலில் முனகுவதைப் பக்கத்தில் படுத்துக் கேட்டபிறகு ஒத்துக்கொண்டார். முதல் ஊசி மதுரையில் போட்டாயிற்று, ரெண்டு நாள் கை வலியும் லேசான காய்ச்சலும் இருந்தது. அடுத்த ஊசி தையில். தங்கை வீட்டுக்காரர் கூட்டிப்போகிறார், அப்படியே தன் படர்தாமரையையும் அதே டாக்டரிடம் காட்டுவதாகப் பேச்சு.