தரைத்தளத்துல ஒரே பெரிய கடையா, அஞ்சு சின்ன கடையா?

எங்க பழைய ஆபீஸ் பில்டிங்கை மேல வீடு, கீழ கடைன்னு மாத்தினப்போ வீடுகளைப் பத்தி பெருசா சண்டையே வரல, தரைத்தளத்துக்குத்தான் மாசக்கணக்குல பேசினோம். மொத்தத்தையும் ஒரே கடைக்கு விடுறதா, பிரிச்சு விடுறதா? பிரிச்சோம். ஆரம்பத்துல இருந்தே நான் அந்தப் பக்கம்தான், அதையும் சேத்து வச்சே படிங்க.

பெரிய கடையில ஒரே அக்ரிமென்ட், ஒரே மீட்டர், வாடகைக்கு ஒரே ஆள். சின்ன கடைன்னா அஞ்சு மீட்டர், அஞ்சு கழிவுநீர் பைப், அஞ்சு பேரோட பஞ்சாயத்து. ஒத்துக்கிறேன்.

ஆனா கடை காலியானா என்ன ஆகும்ங்கிறதுதான் எங்களை முடிவெடுக்க வச்சது. எங்க முகப்பு 36 மீட்டர். ஒரே கடை காலி பண்ணிட்டா அவ்வளவுக்கும் ஷட்டர் இறங்கிடும், அவ்வளவு பெரிய இடம் தேவைப்படுற ஆளுங்க கொஞ்சம் பேர்தான், அதனால அடுத்தவங்க வர்ற வரைக்கும் ராத்திரி வீடு திரும்புறவங்க இருட்டுல ஷட்டர் ஓரமாவே நடந்து வரணும், மேல வீடு பாக்க வர்றவங்க கண்ணுல முதல்ல படுறதும் அதுதான். எங்க அஞ்சுல ஒண்ணு நடுவுல காலியாச்சு, மத்த நாலுலயும் லைட் எரிஞ்சதால வீட்டுக்காரங்க யாரும் அதைப் பத்தி பேசவே இல்ல. தெருவைப் பாக்குற கண்கள் இருந்தாத்தான் பாதுகாப்புன்னு நகரங்களை ஆராய்ஞ்ச அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961லயே எழுதினாங்க, கடைக்காரங்களையும் சேத்துத்தான் சொன்னாங்க.

பெரிய கடை நல்லா ஓடினாலும் கண்ணாடிக்குப் பின்னாடி ரேக் வச்சு மறைச்சிடுவாங்க, 36 மீட்டருக்கு ஒரே கதவு. கலகலப்பான தெருக்கள்ல கடை முகப்பு 5, 6 மீட்டர்தான் இருக்கும்னு டென்மார்க் கட்டிடக் கலைஞர் யான் கெல் சொல்றார். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துல நடந்தா 6 மீட்டர் தாண்ட நாலு செகண்டுக்கு மேல கொஞ்சம்தான் ஆகும், அதுக்குள்ள அடுத்த கடை வந்துடும். எங்க தூண்களே 6 மீட்டருக்கு ஒண்ணா இருந்ததால எதையும் இடிக்கல, அஞ்சு இடைவெளி கடைக்கு, ஒண்ணு வீட்டு வாசலுக்கு.

நாங்க பாத்தது ரெண்டு வருஷம்தான், மார்க்கெட் ஒரேயடியா படுத்தா சின்ன கடைகள் எப்படித் தாங்கும்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. பில்டிங் ரொம்ப ஆழமா இருந்தா பின்பக்கம் சின்ன கடைக்கு உதவாது, அங்க பெரிய கடையைப் பின்னால வச்சு முகப்புல மட்டும் சின்ன கடை வரிசை போடலாம், நாங்க செஞ்சு பாக்கல.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா பண்ணுங்க. மேல வீடுகளுக்கான கட்டுமான வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே சமையல் புகை மொட்டை மாடிக்கு மேல போற மாதிரி ஷாஃப்ட் விட்டுடுங்க. நாங்க ஒரே ஒரு கடைக்குத்தான் விட்டோம். இன்னொரு கடைக்கு ஓட்டல் வைக்கக் கேட்டு வந்தவங்களை வேண்டாம்னு அனுப்ப வேண்டியதாச்சு, ஏன்னா இப்ப ஷாஃப்ட் போடணும்னா குடியிருக்கிற ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் தளத்தை உடைக்கணும்.