டேட்டாபேஸ் என்று சொல்லி எக்செல் கோப்பை விற்கிறார்கள்: வன்னிச் சங்கங்கள் கவனிக்கவும்

கிளிநொச்சிப் பக்கத்தில் பால் சேகரிக்கும் சங்கம் ஒன்றிடம் முழுக் காசையும் முன்னுக்கே வாங்கிக்கொண்டு, 'டேட்டாபேஸ் மென்பொருள்' (தரவுத்தளம், அதாவது கணக்குகளை ஒன்றோடொன்று தொடுத்துச் சேமிக்கும் மென்பொருள்) என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். திறந்தால் சங்கத்தின் பெயர், வடிவான பொத்தான்கள், உறுப்பினர் எண்ணும் லீற்றரும் கொழுப்பு வீதமும் பதிகிற படிவம். அடியில் இருந்தது பழைய .எக்ஸ்எல்எஸ் வகை எக்செல் கோப்பு. அதன்மேல் மெக்ரோ (எக்செல்லைத் தானாக வேலைசெய்ய வைக்கும் கட்டளைகள்) எழுதி, தாள்களை மறைத்து, கடவுச்சொல் போட்டிருந்தார்கள். அந்தக் கடவுச்சொல் சங்கத்திடம் இல்லை.

ஒரு வருடத்துக்கு மேல் பிழையில்லாமல் ஓடியது. பிறகு, பால் அட்டையில் உள்ள லீற்றர் கொடுப்பனவுப் பட்டியலில் இல்லை என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதல் சந்தேகம் பதிந்த இலிகிதர்மேல் விழுந்தது. அவர்மேல் ஒரு பிழையும் இல்லை. விற்றவரைப் பிடித்தபோது, 'அப்டேட்' செய்ய இன்னொரு தொகை கேட்டார்.

பழைய எக்செல் தாளில் 65,536 வரிசைதான் உண்டு. தலைப்புக்கு ஒன்று போனால் மிச்சம் 65,535. நாளுக்கு 150 பேர் பால் ஊற்றினால் 437ஆம் நாள் தாள் நிரம்பிவிடும். இந்த மெக்ரோவோ, ஆகக் கடைசி வரிசையில் இருந்து மேலே ஏறி, முதலில் தட்டுப்படும் நிரம்பிய வரிசைக்குக் கீழே எழுதும்படி செய்யப்பட்டது. கடைசி வரிசையே நிரம்பியிருந்தால் அது இடையில் எங்கும் நிற்காமல் தலைப்பு வரைக்கும் போய்விடும். அதற்குக் கீழே, அதாவது இரண்டாம் வரிசையில், எழுதும். அடுத்த பதிவும் அதே இடத்தில்தான். 150 பேரின் பால் ஒரே வரிசையில் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதப்பட்டு, கடைசியாக ஊற்றியவரின் கணக்கு மட்டும் மிஞ்சும். ஒரு எச்சரிக்கைகூட வராது. 'சேமிக்கப்பட்டது' என்றே திரை சொல்லும்.

புதிய எக்செல்லில் 10,48,576 வரிசை இருக்கிறது. ஆனாலும் மெக்ரோவுக்குள் 65,536 என்று எழுதி வைத்திருந்தால் இதே கதைதான். இங்கிலாந்தில் 2020இல் பழைய எக்செல் வடிவத்தின் இந்த வரிசை எல்லையால் 15,841 கொரோனா நோயாளர்களின் விபரம் உரிய நேரத்தில் சேராமல் போனது. பெரிய இடத்திலேயே நடக்கிற விடயம் என்பதால், சங்கத்தை ஏமாளி என்று பேசுவது நியாயமில்லை.

காசு கொடுக்க முன்னர் பார்க்கவேண்டியவை உண்டு. திறந்திருக்கும் எக்செல் கோப்புகளை மூடி, மென்பொருளை ஓடவிட்டு, கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பட்டியலில் அந்த நேரம் எக்செல் என்று தெரிந்தால், நீங்கள் வாங்கப்போவது எக்செல். அடுத்து இரண்டு கணினியில் ஒரேநேரத்தில் பதியச் சொல்லுங்கள். ஒன்றில் 'வாசிக்க மட்டும்' என்று வந்தால் அது இரண்டு பேர் பாவிக்கிற சாமான் இல்லை. ஒரே உறுப்பினர் எண்ணை இரண்டு தரம் கொடுத்துப் பாருங்கள். பால் கணக்கு உள்ள உறுப்பினரை அழித்துப் பாருங்கள். பெப்ரவரி 31 என்று திகதி போடுங்கள். ஒழுங்காகச் செய்த தரவுத்தளம் மூன்றையும் மறுக்கும். பத்துப் பேரின் பதிவைப் போட்டவுடன் மின்சாரத்தை நிறுத்துங்கள். தரவுத்தளத்தில் பத்தும் இருக்கவேண்டும். எக்செல்லில் கடைசியாகச் சேமித்த இடம் வரைக்கும்தான் நிச்சயம்.

பெயரொன்றைப் பிரதிசெய்து வட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தாக மாறினால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் சேமிக்கிறார்கள். எங்கும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறையில் கேளுங்கள், இல்லாவிட்டால் பிறகு வேறெந்த மென்பொருளுக்கும் பெயர்களை நேரடியாக மாற்றமுடியாது.

அடையாள அட்டை எண்ணை இலக்கமாக அல்ல, எழுத்தாகச் சேமிக்கவேண்டும். புதிய 12 இலக்க எண்ணை எக்செல்லின் சாதாரணக் கட்டத்தில் போட்டால் 1.98534ஈ+11 என்கிற மாதிரிச் சுருங்கும். அப்படியே சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியலாக) சேமித்தால் பின்பகுதி இலக்கங்கள் பூச்சியமாகிவிடும், திரும்பி வராது. ஒரே ஆள் பழைய எண்ணிலும் புதிய எண்ணிலுமாக இரண்டு தரம் பதியப்படுவதும் அடிக்கடி நடக்கிறது. பழைய எண்ணின் முன்னுக்கு 19 சேர்த்து, பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம் போட்டு, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் 12 இலக்கம் வரும். அதை வைத்து ஒப்பிடலாம்.

எல்லாருக்கும் தரவுத்தளம் தேவை என்று யாராவது சொன்னால் அதையும் நம்பவேண்டாம். நூறு உறுப்பினர், காலபோகத்துக்கு ஒரு பட்டியல், சிறுபோகத்துக்கு ஒரு பட்டியல், பதிவது ஒரு ஆள் என்றால் எக்செல் தாராளம். அதில் கவனிக்கவேண்டியது ஒன்று: நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெறும் நிரலை விட்டு அகரவரிசைப்படுத்தினால் அதற்கு அப்பால் உள்ள தொகைகள் அசையாது, பெயர்கள் மட்டும் இடம் மாறும். ஒருவரின் காசு இன்னொருவருக்குப் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

நாளாந்தப் பதிவும், இரண்டு பேருக்கு மேல் பாவிப்பதும், உறுப்பினர், பால், கடன், கொடுப்பனவு என்று ஒன்றோடொன்று தொடுக்கும் கணக்குகளும் இருந்தால்தான் தரவுத்தளம். மரியாடிபி, போஸ்ட்கிறெஸ், எஸ்கியூலைட் என்கிற தரவுத்தள மென்பொருள்கள் மூன்றையும் பாவிக்க உரிமக் கட்டணம் இல்லை. அவற்றுக்கு 'லைசென்ஸ் காசு' என்று விலைக்கூறலில் போட்டிருந்தால் அந்த ஆளை அனுப்பிவிடுங்கள். செய்பவரின் உழைப்புக்குத்தான் கூலி. உடன்படிக்கையில் மூன்று விடயம் எழுத்தில் இருக்கட்டும்: நிர்வாகிக் கடவுச்சொல் தலைவரின் கையில், எல்லாத் தரவையும் சிஎஸ்வி ஆக எடுக்கும் வசதி, காப்புப் பிரதியை வேறொரு கணினியில் நிர்வாக சபைக்கு முன்னால் மீட்டுக் காட்டிய பிறகே கடைசிப் பங்குக் காசு.

ஏற்கனவே இப்படியொன்றை வாங்கியிருந்தால் தாளின் இரண்டாம் வரிசையைப் பாருங்கள். ஆரம்ப நாளின் பதிவு இருக்கவேண்டிய இடத்தில் நேற்றைய திகதி இருந்தால் அழிவு தொடங்கிவிட்டது. பதிவதை உடனே நிறுத்தி, கோப்பை யூஎஸ்பியில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். தாளின் கடைசி வரிசையில் உள்ள பதிவுக்குப் பிறகு ஊற்றிய பால் கணக்கு, இரண்டாம் வரிசையில் உள்ள ஒன்றைத் தவிர, கணினியில் எங்கும் இருக்காது. அது உறுப்பினர்களின் பால் அட்டையிலும் சங்கத்தின் கொப்பியிலும்தான் உண்டு. அட்டைகளை எடுத்துச் சேர்த்து வையுங்கள், புதியது கொடுக்கும்போது பழையதை எறிய விடாதீர்கள்.